வர்றவருக்காக என்ன ரெடி பண்ணணும்? – வாசகர் கேள்வி பதில்

திருவருகைக்காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நாலு ஞாயிறு வர்ற தயாரிப்புக் காலம், நெருங்குதுன்னதும் இந்தத் தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி அதைப் பத்தித்தான், அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: திருவருகைக்காலம் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதியில ஆரம்பிக்குதே, அதுக்கு என்ன கணக்கு?

நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதுக்கு எந்த ஞாயிறு ரொம்ப பக்கத்துல வருதோ அதுதான் முதல் ஞாயிறு, அதனால நவம்பர் 27-லேர்ந்து டிசம்பர் 3-க்குள்ள எங்கயாவது விழும். ஞாயிறு என்னமோ நாலுதான், ஆனா மொத்த நாள் 22-ம் வரலாம் 28-ம் வரலாம், கிறிஸ்துமஸ் எந்தக் கிழமைங்கறதப் பொறுத்தது. இது ரோமை மரபோட, அதாவது ரோம் திருச்சபை வழிபாட்டு முறையோட கணக்கு. இத்தாலியில மிலான் நகரத்து மரபுல 6 வாரம், கிழக்குத் திருச்சபைகளோட பைசாந்திய மரபுல நவம்பர் 15-லயே ஆரம்பிச்சு 40 நாள் நோன்பு.

கேள்வி: இயேசு 2000 வருஷத்துக்கு முன்னாடியே பொறந்துட்டாரு. வந்துட்டவருக்காக மறுபடியும் காத்திருக்கிறது சும்மா நடிக்கிற மாதிரி இல்லையா? – ஒரு கல்லூரி மாணவர்

நல்லா கேட்டீங்க தம்பி. பொறக்காத மாதிரி பாவனை பண்றதுதான் இந்தக் காலம்னா நீங்க சொல்றது கரெக்ட், ஆனா விஷயம் அது இல்ல. 12-ம் நூற்றாண்டுல கிளேர்வோ மடத்துத் தலைவரா இருந்த புனித பெர்னார்ட் மூணு வருகைன்னு பிரிச்சு சொல்லுவார். முதல்ல மனுஷனா வந்தது, கடைசியில மகிமையோட வரப்போறது, இந்த ரெண்டுக்கும் நடுவுல வெளிய யாருக்கும் தெரியாம ஒவ்வொருத்தர் மனசுக்குள்ளயும் வர்றது. முதலாவது முடிஞ்சுபோச்சு, அதை நினைக்கிறோம், அவ்ளோதான். காத்திருக்கிறது மத்த ரெண்டுக்கும்.

பூசையில வாசிக்கிற பைபிள் வாசகங்களைக் கொஞ்சம் கவனிச்சா இது புரியும். டிசம்பர் 16 வரைக்கும் அழுத்தம் அந்தக் கடைசி வருகை மேலதான், 17-லேர்ந்துதான் பெத்லகேம் பக்கமா திரும்பும். முதல் ஞாயிறு குடில், இடையர், ஆட்டுக்குட்டின்னு எதிர்பார்த்துப் போறவங்க, 'விழிப்பா இருங்க, எந்த நாள்னு உங்களுக்குத் தெரியாது'ன்னு வாசிக்கிறதக் கேட்டு முழிக்கிறது இதனாலதான்.

கேள்வி: வருஷக்கணக்கா ஒரே ஒரு காரியத்துக்காக ஜெபம் பண்றேன், எதுவும் நடக்கல. ஒவ்வொரு டிசம்பரும் நம்பிக்கை நம்பிக்கைன்னு பிரசங்கம் கேக்கும்போது எந்திரிச்சு வெளிய போயிடலாம்னு தோணுது. என்னை மாதிரி ஆளுக்கு இந்தக் காலத்துல என்ன இருக்கு? – பேர் போட வேண்டாம்

எந்திரிச்சுப் போகணும்னு தோணினா கொஞ்ச நேரம் போய் வெளிய நின்னுட்டு வாங்க சகோதரி, அதுல ஒரு தப்பும் இல்ல. கவலைப்படாதீங்க சீக்கிரம் நடந்துடும்னு எழுதறது ரொம்ப ஈசி, அதை நான் பண்ண மாட்டேன்.

லூக்கா நற்செய்தியோட முதல் அதிகாரத்தை ஒருக்கா பொறுமையா வாசிங்க. செக்கரியா, எலிசபெத்து, ரெண்டு பேருமே வயசானவங்க, பிள்ளை இல்ல. செக்கரியா கோயில்ல தூபம் காட்டிட்டு இருக்காரு, வானதூதர் வந்து உன் மன்றாட்டு கேட்கப்பட்டதுன்னு சொல்றாரு, உடனே இவர் சந்தோஷப்பட்டிருக்கணும் இல்லையா, இல்ல, எனக்கு வயசாயிடுச்சே இதை எப்படி நம்புறதுன்னு கேக்குறாரு. அதாவது ஜெபம் பண்ணின மனுஷன், பதில் வந்து முன்னாடி நிக்கும்போது நம்பல. எதிர்பார்ப்பு எப்பவோ வத்திப்போயிருக்கு, ஆனாலும் அவர் தூபம் காட்டுறத மட்டும் விடல. உங்க நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்னு நினைக்கிறேன், மனசு வறண்டு கிடக்கு ஆனா ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்துட்டுத்தான் இருக்கீங்க. அவரோட நம்பிக்கை தளர்ந்ததுக்காக குடுக்க வந்ததைக் கடவுள் திருப்பி எடுத்துட்டுப் போகல. பிள்ளை பொறக்கற வரைக்கும் செக்கரியாவுக்குப் பேச்சு மட்டும் நின்னு போச்சு, பிள்ளை பொறந்துச்சு.

அவங்களுக்கு நல்லபடியா முடிஞ்சுது எனக்கு முடியலயேன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா அவங்க கதை அங்க முடியல. அவ்வளவு நாள் காத்திருந்து பெத்த அந்தப் பிள்ளைதான் திருமுழுக்கு யோவான், மத்தேயு 11-ம் அதிகாரத்துல அவர் ஜெயில்ல இருக்காரு, அங்கேர்ந்து சீடர்களை அனுப்பி வரவேண்டியவர் நீர்தானா, இல்ல வேற யாருக்காவது காத்திருக்கணுமான்னு இயேசுகிட்ட கேக்குறாரு. பாலைவனத்துல நின்னு அவர் வர்றாரு வர்றாருன்னு கத்தினவருக்கே இந்த சந்தேகம்! அதுக்கு இயேசு சொல்ற பதில்ல பார்வை இல்லாதவங்க பாக்குறாங்க, நடக்க முடியாதவங்க நடக்குறாங்க, ஏழைகளுக்கு நற்செய்தி போகுதுன்னு எசாயா புத்தகத்து வரிகளோட சாயல் இருக்கும். ஆனா எசாயா 61-ல சிறைப்பட்டவங்களுக்கு விடுதலைன்னும் ஒரு வரி இருக்கு, யோவானுக்குப் போன பதில்ல அது மட்டும் இல்ல. ஜெயில்ல உக்காந்திருக்கிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கதவு திறக்கல, அங்கயே அவரைக் கொன்னுட்டாங்க.

இந்த வாசகத்தைத் திருச்சபை தூக்கி ஓரமா வைக்கல, ஞாயிறு வாசகங்களோட மூணு வருஷச் சுழற்சியில முதல் ஆண்டுக்கு மூணாவது ஞாயிறுன்னு, அதாவது மகிழ்ச்சி ஞாயிறுன்னு நாம சொல்ற அன்னைக்கே வாசிக்க வச்சிருக்கு. ஏன்னா இந்தக் காலம் சொல்ற நம்பிக்கை, கேட்டது கிடைக்கும்ங்கற உத்தரவாதம் இல்ல. கடவுள் வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காரு, அது என் அறைக்குள்ள இன்னும் தெரியல, ஆனாலும் நான் அவர்கிட்டயே கேள்வி கேப்பேன், வேற ஆள்கிட்ட போகமாட்டேன்ங்கறதுதான் யோவான் பண்ணினது. அவர் சந்தேகத்தையும் இயேசுகிட்டயேதான் அனுப்பினாரு பாருங்க. அதுக்காக இயேசு அவரைத் திட்டவும் இல்ல, கூட்டத்தைப் பாத்து அவரைப் பத்தி பெருமையாத்தான் பேசுறாரு.

அதனால பிரசங்கம் கேட்டு சந்தோஷமா இருக்கற மாதிரி முகத்தை வச்சுக்க வேண்டாம். எத்தனை காலம் ஆண்டவரே, என்னை மறந்துட்டீரான்னு ஆரம்பிக்குற 13-ம் சங்கீதம் இருக்கு, குட்டி சங்கீதம், ராத்திரி அதை மட்டும் சொல்லிட்டுப் படுங்க. வானத்தைப் பிளந்து இறங்கி வாரும்னு எசாயா 64-ல வர்றதும் இந்தக் காலத்து வாசகம்தான், அது ஒரு புலம்பல்.

கேள்வி: ஆபீஸ், வீடு, பிள்ளைங்க படிப்புன்னு ஓடிட்டே இருக்கோம், ஆன்மீகத் தயாரிப்புக்கு நேரமே இல்ல. குறைஞ்சபட்சம் என்ன பண்ணலாம்? – ஒரு வாசகி

தயாரிப்புன்னா தனியா நேரம் ஒதுக்கி பண்ற எக்ஸ்ட்ரா வேலைன்னு நினைச்சாத்தான் டென்ஷன் வரும். லூக்கா 3-ல ஜனங்க யோவான்கிட்ட நாங்க என்ன பண்ணணும்னு கேக்குறாங்க. ரெண்டு அங்கி வச்சிருக்கிறவர் இல்லாதவருக்கு ஒண்ணு குடுங்கன்னாரு. வரி வசூலிக்கிறவங்க வந்தாங்க, வேலைய விட்டுட்டு என்கூட பாலைவனத்துக்கு வாங்கன்னு சொல்லல, நிர்ணயிச்சதுக்கு மேல வாங்காதீங்கன்னாரு. படைவீரர்கிட்ட மிரட்டிப் பணம் பறிக்காதீங்க, சம்பளம் போதும்னு இருங்கன்னாரு. எல்லாமே அவங்கவங்க இருக்கிற இடத்துல, அதுவும் முக்காவாசி பணம் சம்பந்தப்பட்டது! நாம இதை வசதியா தாண்டிப் போயிடுறோம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம்.

வாங்கின கடனைத் திருப்பிக் குடுக்காம இழுத்தடிக்கிறோம், நம்மகிட்ட வேலை செய்யிறவங்களுக்கு சம்பளத்தை லேட் பண்றோம், ஒரு சண்டைக்கப்புறம் கூடப்பொறந்தவங்க நம்பரையே பிளாக் பண்ணி வச்சிருக்கோம். இதுல ஏதாவது ஒண்ணை எடுத்து கிறிஸ்துமஸுக்குள்ள முடிங்க, ஒண்ணு போதும், நிஜமா. கூட ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கறது, அதையும் 23-ம் தேதி கூட்டத்துல போய் நிக்காம முதல் ரெண்டு வாரத்துலயே முடிச்சுடுங்க, சாமியாருக்கும் உங்களுக்கும் பேச நேரம் கிடைக்கும். அன்னன்னைக்கு உள்ள நற்செய்தியை வாசிக்க அஞ்சு நிமிஷம் ஆகும், போனைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி வாசிக்க முடிஞ்சா நல்லது.

கேள்வி: நாலு மெழுகுவர்த்தி வளையம் பைபிள்ல இருக்கா? அதுல ஒண்ணு மட்டும் ஏன் ரோஸ் கலர்?

பைபிள்ல இல்ல, அவ்வளவு பழசும் இல்ல. 1839-ல ஜெர்மனியில ஹாம்பர்க்ல ஆதரவில்லாத பிள்ளைங்களை வச்சுப் பாத்துக்கிட்டு இருந்த யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன்ங்கற லூத்தரன் போதகர் செஞ்சது. பிள்ளைங்க கிறிஸ்துமஸ் எப்போ எப்போன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்ததால ஒரு வண்டிச் சக்கரத்துல ஞாயித்துக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நாலும், மத்த நாளுக்கு சின்ன சிவப்பு மெழுகுவர்த்தியும் வச்சு தினம் ஒண்ணு ஏத்தினாராம். கத்தோலிக்கர்கிட்ட இது வந்தது 20-ம் நூற்றாண்டுலதான். ரோஸ் கலர் மூணாவது ஞாயிறுக்கு, அன்னைக்கு மட்டும் ஊதாவுக்குப் பதிலா ரோஸ் உடை போடலாம். ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் நம்பிக்கை, சமாதானம்னு பேர் வைக்கிறது பின்னாடி வந்த பழக்கம், வழிபாட்டுப் புத்தகத்துல கிடையாது, அதனால எது முதல்லன்னு சண்டை போட வேண்டாம்.

கேள்வி: இது ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் மாதிரியா? உபவாசம் இருக்கணுமா?

ஒரு காலத்துல அப்படித்தான் இருந்துச்சு. 5-ம் நூற்றாண்டுக் கடைசியில பிரான்ஸ்ல தூர் நகர ஆயரா இருந்த பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-லேர்ந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் வாரத்துல மூணு நாள் உபவாசம்னு வச்சிருந்தாரு. இப்போ ரோமை மரபுல கட்டாயம் இல்ல, விரும்பினா இருக்கலாம். ஞாயித்துக்கிழமை திருப்பலியில உன்னதங்களிலேங்கற புகழ்ப்பாட்டைப் பாட மாட்டோம், ஆனா அல்லேலூயா உண்டு, தவக்காலத்துல அதுவும் கிடையாது. இதுலயே வித்தியாசம் தெரிஞ்சுடும்.

கேள்வி: இயேசு வரப்போற தேதியைக் கணக்குப் போட்டு ஒரு வீடியோ சுத்துதே, பாத்தீங்களா?

பாக்கல, பாக்கவும் மாட்டேன். அந்த நாள் தந்தைக்குத்தான் தெரியும், மகனுக்கே தெரியாதுன்னு மாற்கு 13-ல இருக்கு, மகனுக்கே தெரியாதது யூடியூப் சேனலுக்குத் தெரிஞ்சிருக்கா? ஃபார்வர்ட் பண்ணாதீங்க, முக்கியமா வீட்டுல இருக்கிற வயசானவங்களுக்கு அனுப்பி பயமுறுத்தாதீங்க.

கேள்வி: டிசம்பர் 24 ஞாயித்துக்கிழமை வந்தா காலையில ஒரு பூசை, ராத்திரி ஒரு பூசை, ரெண்டுக்கும் போகணுமா?

ஆமா, கத்தோலிக்கருக்கு ரெண்டும் தனித்தனி கடமை, ஒண்ணு திருவருகைக்கால நாலாம் ஞாயிறு, இன்னொண்ணு கிறிஸ்துமஸ். 2023-ல அப்படித்தான் வந்துச்சு, அடுத்தது 2028. நாலாம் ஞாயிறுக்கு 23-ம் தேதி சாயங்காலப் பூசைக்கே போயிட்டு, கிறிஸ்துமஸுக்கு 25 காலையில போனாலும் செல்லும்.