பொறுக்கி எறிந்த அரிசி

கேள்வி: என் மகனுக்கு இரண்டேகால் வயது. ஆறு மாதத்துக்கு முன் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தார். மருந்தைவிடச் சாப்பாட்டில் சரிசெய்வது நல்லது என்று செறிவூட்டப்பட்ட அரிசிக்கு மாறினோம். இப்போது 8.5. சோறு கொஞ்சம்தான் இறங்கும், பால் நாலு பாட்டில் குடிப்பான். அந்த அரிசியில் சில மணிகள் வேறு நிறமாக இருப்பதால் பிளாஸ்டிக் என்று பயந்து அத்தை பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் உலையில் போடுவார். கணவர் இதில் தலையிட மாட்டார், பெரியவர் மனம் நோகக் கூடாதென்று நானும் ஒன்றும் சொல்வதில்லை. செறிவூட்டல் என்பதே ஏமாற்று வேலையா?

பதில்: உங்கள் மகன் அந்த அரிசியைச் சாப்பிடவே இல்லை, அம்மா. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது.

அத்தை எறிவது பிளாஸ்டிக் இல்லை. அரிசியை மாவாக்கி, அதில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் கலந்து பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவிலேயே பிழிந்து காயவைத்த மணிகள் அவை. பெரும்பாலும் 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோதான் கலப்பார்கள். கொஞ்சம் மங்கலாகவோ மஞ்சளாகவோ தெரியும், சிலது தண்ணீரில் மிதக்கும், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் சேர்த்த சத்து முழுக்க அந்த ஒரு கிலோவில்தான் இருக்கிறது, அதைத் தேடித் தேடி எடுத்துவிட்டால் பானைக்குள் போவது பழைய அரிசியேதான்.

அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். பேரன் வயிற்றுக்குள் கண்டது போய்விடக் கூடாதென்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பொறுக்குகிறவருக்கு அக்கறை இல்லையென்று யார் சொல்வது? கோபம் உங்கள் இருவர் மேல்தான். ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்ததற்குப் பெயர் மரியாதையா? பெரியவர்களை மதிக்க வேண்டும், நான் அந்தக் காலத்து ஆள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் பிள்ளையின் ரத்தத்தைக் கொடுத்து வீட்டு அமைதியை வாங்கக் கூடாது. அப்புறம் அந்தத் தலையிடாத கணவர். அவருடைய அம்மா, அவருடைய மகன், இதில் அவர் தலையிடாமல் வேறு யார் வருவார்கள்? இந்தப் பேச்சை அவர்தான் தொடங்க வேண்டும், இன்று ராத்திரியே.

சரி, மணிகளை எறியாமலே சமைத்திருந்தால் 8.4 ஏறியிருக்குமா? பெரிதாக ஏறியிருக்காது. இந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8.4 என்பது நன்றாகவே இறங்கிவிட்ட அளவு. செறிவூட்டல் வீடு முழுக்க, ஊர் முழுக்க மெதுவாகச் சத்தைக் கூட்டுகிற ஏற்பாடு, நோய்க்கு மருந்து இல்லை. அதுவும் ஒரு கைப்பிடிச் சோறு தின்கிற வயிற்றுக்கு அதிலிருந்து எவ்வளவுதான் போய்ச் சேரும்? சிரப்பை நிறுத்தச் சொல்லி யாரும் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களாக முடிவு செய்தீர்கள். இந்த வயதில் மூளை வளரும் வேகத்துக்கு இரும்பு வேண்டும். பற்றாக்குறை நீண்டுகொண்டே போனால், பின்னால் ஹீமோகுளோபின் ஏறினாலும் கற்கும் திறனில் பட்ட அடி முழுதாக ஆறாமல் போகலாம்.

அந்த நாலு பாட்டில் பால் வேறு. பாலில் இரும்பு இல்லாத குறைதான், அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் உடம்பில் சரியாகச் சேரவிடாது, வயிறும் நிரம்பிவிடும், அப்புறம் சோறு எப்படி இறங்கும்? அரை லிட்டரைத் தாண்டாமல் நிறுத்துங்கள். பாட்டிலைத் தூக்கிப்போட்டு டம்ளரில் கொடுங்கள். நாலு நாள் அழுவான், அழட்டும். முட்டை, மீன், இறைச்சி, பருப்பு, கீரை, எது உங்கள் வீட்டில் உண்டோ அதைப் பிசைந்து ஊட்டுங்கள், பருப்புக்கும் கீரைக்கும் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும்.

இந்த வாரமே டாக்டரிடம் போய், ஆறு மாதமாக மருந்து கொடுக்கவில்லை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பையனின் எடைக்கு இப்போது எத்தனை மில்லி என்று அவர்தான் சொல்ல வேண்டும். பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், உடம்பில் இருப்பு சேர இன்னும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஒழுங்காகக் கொடுத்தும் ஒரு மாதத்தில் அசையவில்லை என்றால் பூச்சியா, தலசீமியா மாதிரிப் பரம்பரை ரத்தக் கோளாறா என்று பார்க்கச் சொல்லுங்கள். தலசீமியா என்று தெரிந்தால் செறிவூட்டிய அரிசியைக்கூட அவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மணிகளில் பத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போய், என்னவென்று அவரே டாக்டரிடம் கேட்கட்டும். திரும்பி வந்ததும் சிரப் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவ்வளவு அரிசியில் ஒரு மணியைத் தப்பவிடாதவர், ஒரு வேளை மருந்தைத் தப்பவிட மாட்டார்.