எண்ணெய்த் தோலா, வறண்ட தோலா? முதலில் அந்த ட்யூபைத் திருப்பிப் படியுங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிகிறது, கன்னம் வறண்டு எரிகிறது. பார்லர் அக்கா சொன்ன க்ரீமை மெடிக்கலில் வாங்கி எட்டு மாதமாக இரவில் பூசுகிறேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் விட்டாலே சிவந்து, பொரிப்பொரியாகப் பரு வருகிறது. ட்யூபில் மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்று போட்டிருக்கிறது. என் தோல் எந்த வகை? எந்த ஃபேஸ்வாஷ், எந்த சீரம் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் தோல் எந்த வகை என்று இன்றைய நிலையில் என்னாலும் சொல்ல முடியாது, கண்ணாடி முன்னால் உட்கார வைத்துப் படம் எடுக்கும் எந்த மெஷினாலும் சொல்ல முடியாது. நீங்கள் பார்ப்பது உங்கள் தோலை அல்ல, அந்த ட்யூப் செய்திருக்கும் வேலையை.

மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் எரிச்சலையும் அடக்கும் மருந்து. ஹைட்ரோகுயினோன் நிறத்தை வெளுக்க வைப்பது, ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ வகை மருந்து. இந்த மூன்றும் சேர்ந்த மருந்தை, முகத்தில் படரும் கருந்திட்டான மங்குக்குச் சில வாரங்கள், டாக்டர் கண்காணிப்பில் பூசுவதுண்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு கிளம்பும், சிலருக்கு முகத்தில் முடிகூட வளரும். நிறுத்தினால் சிவந்து எரியும். உடனே மறுபடி பூசுவீர்கள், எரிச்சல் அடங்கும், ‘க்ரீம் நல்லாத்தான் வேலை செய்கிறது’ என்று தோன்றும். எட்டு மாதம் ஓடியது இப்படித்தான்.

இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அதற்கு முன் பூசும் மருந்துகளுக்கு விலக்கு இருந்தது. சரி, விதி வந்தது. என்ன மாறியது? டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று ட்யூபிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே ‘ஒன்றா, இரண்டா?’ என்று கேட்கிறார் கடைக்காரர். சோதனைக்கு ஆள் வருவதாகக் கேள்வி. என்னிடம் வரும் முகங்களைப் பார்த்தால் நம்பத் தோன்றவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பார்ப்பது. திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஸ்டீராய்டை ஒரேயடியாக விடுவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக விடுவதா என்பதை அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். கர்ப்பம் தரிக்கும் யோசனை இருந்தால் சொல்லிவிடுங்கள், ட்ரெட்டினாயின் கூடாது. விட்ட பிறகு சில வாரம், சிலருக்குச் சில மாதம்கூட, முகம் மோசமாகத்தான் தெரியும். அந்த நேரத்தில்தான் பார்லரில் ‘கோல்டு ஃபேஷியல்’ போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். போகாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது பிள்ளையின் கரப்பானுக்கு, அதாவது எக்ஸிமாவுக்கு, டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைக் குப்பையில் போடுவார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு விஷம் இல்லை. கரப்பானுக்கு அதுதான் முதல் மருந்து. பயந்து பயந்து துளித்துளியாகத் தொட்டு வைத்தால் நோயும் போகாது, மருந்தும் நீண்டுகொண்டே போகும். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடுவரை பிதுக்கினால், அது விரல்களையும் சேர்த்து அவருடைய இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். எந்த இடத்தில், எத்தனை நாள் என்று டாக்டர் சொன்னாரோ அப்படியே பூசுங்கள். மீந்த ட்யூபை அக்காவின் முகப் பருவுக்கும் அப்பாவின் படர்தாமரைக்கும் கொடுக்காதீர்கள். படர்தாமரை மேல் ஸ்டீராய்டு பட்டால் அரிப்பு குறையும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முகம் அடங்கும்வரை தினசரி என்ன செய்வது? நுரை குறைந்த, வாசனை இல்லாத ஃபேஸ்வாஷால் இரண்டு வேளை கழுவுங்கள். சோப்பு வேண்டாம், கடலைமாவு வைத்துத் தேய்க்க வேண்டாம், எலுமிச்சை கிட்டேயே வரக்கூடாது. ஈரம் காய்வதற்குள் கிளிசரினோ செரமைடோ உள்ள சாதாரண மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழிகிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். அவ்வளவுதான்.

டாக்டர் சொல்லி மருந்து நின்று, முகம் அடங்கிய பின் ஒருநாள் கழுவிவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் பூசாமல் இருங்கள். எல்லா இடமும் பளபளத்தால் எண்ணெய்த் தோல், ஜெல் வகை மாய்ஸ்சரைசர் போதும். எங்கும் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல், கெட்டியான க்ரீம். நெற்றி, மூக்கு மட்டும் பளபளத்தால் கலப்புத் தோல். நம் ஊரில் நிறையப் பேருக்கு இதுதான், இதற்கென்று தனி செட் எதுவும் வேண்டியதில்லை. கன்னத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பூசினால் முடிந்தது.

அப்புறம், ட்யூபை விட்டுவிட்டு இன்ஸ்டாகிராமில் டப்பா க்ரீமுக்குத் தாவிவிடாதீர்கள். தயாரித்த கம்பெனியின் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி இல்லாத க்ரீம் எதுவும் வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘தங்கம், வெள்ளி நகை மேல் படாமல் பூசவும்’ என்று எழுதியிருந்தால் பாதரசம் இருக்கலாம். பாதரசம் நிறத்தை வெளுக்க வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2023-ல் கேரளாவின் மலப்புரம் பக்கம் சிறுநீரில் புரதம் போகிறது என்று வந்த சிலரை விசாரித்தபோது, இப்படிப்பட்ட வெளுப்பு க்ரீம்தான் காரணம் என்று தெரியவந்தது.

டாக்டரிடம் போகும்போது இந்த எட்டு மாதத்தில் முகத்தில் பூசிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலி ட்யூப் உட்பட. வெட்கப்பட்டு எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.