மரச்செதுக்கைப் பொழுதுபோக்காகத் தொடங்க எந்த உளி, எந்த மரம் வாங்க வேண்டும்?

அலுவலக வேலைக்குப் பிறகு மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது, இணையத்தில் 12 உளிகள் கொண்ட செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அதை வாங்கலாமா, எந்த மரத்தில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த செட்டை வாங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். நான் குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்தில் வசிப்பவன். ஆசாரி குடும்பத்தில் பிறந்தவன் அல்லன், உங்களைப் போலவே பொழுதுபோக்காக இதற்குள் வந்தவன். குறைந்த விலையில் வரும் செட்டுகளில் உளிவாய் பெரும்பாலும் சரியாகத் தீட்டப்படாமலே வரும்; வளைந்த உளியைத் தீட்டத் தெரியாத ஒருவரிடம் 12 மொட்டை உளிகள் இருந்து பயனில்லை. அரை அங்குல அகலத்தில் நேரான உளி ஒன்று, ஆழம் குறைந்த வளைவுள்ள நகவுளி ஒன்று, ஆழமான வளைவுள்ள நகவுளி ஒன்று, ஒரு சிறிய கத்தி, உளியைத் தட்ட ஒரு கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். எங்கள் பக்கத்தில் சில கொல்லப்பட்டறைகளில் பழைய அரத்தையோ லாரி ஸ்பிரிங் பட்டையையோ காய்ச்சி உளி அடித்துத் தருகிறார்கள். பார்க்க முரடாக இருந்தாலும் பதம் சரியாக இருந்தால் முனை நெடுநேரம் நிற்கும்.

மிச்சமாகும் பணத்தில் நல்ல சாணைக்கல் ஒன்றும், தேய்த்து மெருகேற்ற மரத்துண்டில் ஒட்டிய தோல் பட்டை ஒன்றும் வாங்குங்கள். உளியின் சரிவு 20 முதல் 25 பாகை வரை இருப்பது மென்மையான மரத்துக்குப் பொருந்தும்; தேக்கு போன்ற கடின மரத்துக்குச் சற்றுக் கூட்டலாம். கூர்மையை நகத்திலும் மயிரிலும் சோதிப்பதைவிட மரத்திலேயே சோதிப்பது மேல். மென்மையான மரத்துண்டில் நாருக்குக் குறுக்காக நகவுளியால் ஒரு பள்ளம் தோண்டி, அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளம் மினுமினுத்தால் உளி தயார். மங்கலாகவும் நார் நாராகவும் இருந்தால் மறுபடியும் கல்லுக்குப் போக வேண்டும். பள்ளத்தின் நீளத்துக்கு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் உளிவாயில் அந்த இடத்தில் ஒரு பொக்கை இருக்கிறது என்று பொருள். வேலை செய்யும்போதும் அவ்வப்போது தோல் பட்டையில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி இழுப்பதைச் சோம்பல் பாராமல் செய்பவர்களே இதில் நிலைக்கிறார்கள் என்பது நான் கண்ட உண்மை.

மரத்துக்கு வருகிறேன். முதல் மரமாக நான் பரிந்துரைப்பது குமிழ். கதகளிக் கிரீடங்களைச் செதுக்குவோர் இந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், இது எடை குறைவானது, உளிக்கு இணங்குவது, காய்ந்த பின் அதிகம் முறுக்கிக்கொள்ளாதது. தேக்கு அழகுதான், ஆனால் அதில் இயற்கையாகவே கலந்திருக்கும் சிலிக்கா கூர்மையை விரைவில் தின்றுவிடும். பலாவும் அயினியும் எங்கள் ஊர் வீடுகளின் பெருமை என்றாலும், நார் எதிரெதிராகப் பின்னிக் கிடக்கும் இடங்களில் புதியவர் திணறிப்போவார். ரப்பர் மரம் இங்கே மலிவாகக் கிடைக்கும். மருந்தில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தாத துண்டாக இருந்தால் நீலம் பாயும், வண்டு துளைத்து மாவு கொட்டும், எனவே தடிமில்லில் (மரம் அறுக்கும் ஆலையில்) அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சந்தனம், ஈட்டி (ரோஸ்வுட்) ஆகிய மரங்களின் பக்கமே போக வேண்டாம். சட்டச் சிக்கல் பொழுதுபோக்குக்கு உகந்ததன்று. பச்சை மரம் செதுக்க எளிது, ஆனால் காயும்போது வெடிக்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு காற்றில் காய வேண்டும் என்பது பொதுவான கணக்கு; வெட்டுமுனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி வைத்தால் வெடிப்பு குறையும்.

எதைச் செதுக்குவது என்ற கேள்விக்கு, பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அந்த அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும். பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், நின்று அண்ணாந்து பார்த்தால், 90 விதமானவை என்று சொல்லப்படும் மரப்பூக்கள் மேல்தட்டில் வரிசையாக இருக்கின்றன. பிள்ளையாரோ யானையோ செய்யத் துடிப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது ஒரு பூவைத்தான். ஆறு அங்குலச் சதுரப் பலகையில், கால் அங்குல ஆழத்துக்குள் முடியும் ஒரு பூவில் தொழிலின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

கவராயத்தால் வட்டம் போட்டு எட்டு இதழ்களை வரைந்துகொண்டு, கோட்டின் மேல் உளியை நேராக நிறுத்தி மெல்லத் தட்டி வெட்டுங்கள். அதன் பிறகு வெளிப்புறத்திலிருந்து அந்த வெட்டை நோக்கிச் சாய்வாகச் சீவினால் சில்லு அங்கேயே நின்றுவிடும், இதழுக்குள் பாயாது. இதழ்களைச் சுற்றியுள்ள தளம் இறங்கிய பின், இதழ்களின் விளிம்பை வளைவாக உருட்டிச் சீவும்போதுதான் நார் தன் குணத்தைக் காட்டும். பலகையின் நாருக்குச் சாய்வாகக் கிடக்கும் இதழில் ஒரு விளிம்பு வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வரும், மறு விளிம்பு அதே திசையில் தள்ளினால் பிய்ந்துகொள்ளும். எனக்குச் சொல்லித்தந்த ஆசாரி அப்போதெல்லாம் "மக்களே, தடிகிட்ட மல்லுக்கு நிக்காத, பலகையத் திருப்பு" என்பார்; தடி என்றால் எங்கள் பக்கத்தில் மரம். பலகையைத் திருப்பி, எதிர்த்திசையிலிருந்து, மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிச் சீவினால் அதே விளிம்பு படிந்துவிடும். எட்டு இதழ்களும் எட்டுத் திசைகளில் கிடப்பதால், ஒரே பூவில் இந்தப் பாடம் திரும்பத் திரும்ப நடக்கிறது. உப்புத்தாளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது உளியின் தெளிவான விளிம்புகளை மழுக்கிவிடும், அதன் துகள் மரத்தில் புதைந்து அடுத்த வெட்டில் உளியையும் கெடுக்கும்.

காயம் பெரும்பாலும் மரத்தைப் பிடித்திருக்கும் கையில்தான் படும். பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் உளிவாய்க்குப் பின்னாலேயே வைத்திருங்கள். மரத்தூள் பறக்கும் வேலைகளில் முகக்கவசம் அவசியம்.

முடித்த பூவுக்கு வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயைப் பூசலாமா என்று நம் பக்கத்தில் எல்லோரும் கேட்பார்கள். அது காய்ந்து படலமாகாத எண்ணெய்; தூசி ஒட்டும், நாளடைவில் சிக்கு வாடையும் வரும். பழைய வீடுகளின் உத்தரங்களில் பூசிய கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) தோட்டு எண்ணெய் கரையானை விரட்டும் என்றாலும், கையில் பட்டால் கொப்பளிக்கும், நிறமும் கறுத்துவிடும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, மிகுதியைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபூச்சு கொடுப்பதே போதுமானது. துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், அதை விரித்துக் கொடியில் போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.