மூன்று சாமியா, ஒரே சாமியா?

கேள்வி: நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள், கணவர் கத்தோலிக்கர். மகள் இந்த ஆண்டு புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கப்போகிறாள். மறைக்கல்வி வகுப்புக்குப் போய்வந்து, "தந்தை, மகன், தூய ஆவி என்றால் மூன்று சாமிதானே அம்மா?" என்கிறாள். என் அம்மா, "நம்ம பிரம்மா, விஷ்ணு, சிவன் மாதிரிதான்" என்கிறார். மாமியாரோ, "தண்ணீர், ஐஸ், நீராவி மாதிரி" என்கிறார். எது சரி?
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: இரண்டுமே பொருந்தாது, தங்கச்சி. (மாமியாரிடம் இதைச் சொல்லும் வேலையைக் கணவரிடம் விட்டுவிடுங்கள்.)

தண்ணீர் உறைந்தால் ஐஸ், கொதித்தால் ஆவி. அப்படிப் பார்த்தால், தந்தையே வேடம் மாற்றி மகனாக வந்தார் என்று ஆகிவிடும். 3-ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பவர் இதைத்தான் போதித்தார், திருச்சபை ஏற்கவில்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு "தந்தையே" என்று அழைத்து வேண்டினாரே, தனக்குத்தானே பேசிக்கொண்டாரா?

அம்மா சொல்வதில் படைத்தல், காத்தல், அழித்தல் என்று ஆளுக்கொரு தொழில் இருக்கிறது. கிறிஸ்தவத்தில் அந்தப் பங்கீடு இல்லை. மகன் வழியாகவே எல்லாம் உண்டாயிற்று என்று யோவான் நற்செய்தி தொடக்கத்திலேயே சொல்கிறது. மூவருக்கும் செயலும் ஒன்று, இறைத்தன்மையும் ஒன்று.

இது யாரோ உட்கார்ந்து போட்ட கணக்கு இல்லை. முதல் சீடர்கள் யூதர்கள். கடவுள் ஒருவரே என்று சொல்லி வளர்ந்தவர்கள். அவர்களே இயேசுவை ஆண்டவர் என்று வணங்கினார்கள். தந்தை, மகன், தூய ஆவி பெயரால் திருமுழுக்கும் கொடுத்தார்கள். வழிபாடு முதலில் வந்தது, விளக்கம் அப்புறம்தான். அந்த விளக்கத்தில்தான் சண்டை மூண்டது. மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்றார் அலெக்சாந்திரியா குரு ஆரியுஸ். படைக்கப்பட்டவர் என்றால் அவரை எப்படி வணங்குவது, அவர் எப்படி மீட்பார் என்று எதிர்த்து நின்றார், பின்னாளில் அதே அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ். 325-இல் நீசேயாவில் (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்) கூடிய ஆயர்கள் (பிஷப்புகள்), மகன் உண்டாக்கப்பட்டவர் அல்ல, தந்தையோடு ஒரே இறைத்தன்மை உடையவர் என்று தீர்மானித்தார்கள். 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம், தூய ஆவியாரும் தந்தையோடும் மகனோடும் சேர்ந்து வணங்கப்படுபவர் என்று உறுதிசெய்தது. பூசையில் சொல்லும் நீண்ட விசுவாசப் பிரமாணம் (நம்பிக்கை அறிக்கை) அங்கிருந்து வந்ததுதான்.

சரி, மகளுக்கு? உவமையே வேண்டாம். மத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் 13 முதல் 17 வரை அவளோடு சேர்ந்து வாசியுங்கள். யோர்தான் ஆற்றில் மகன் நிற்கிறார், ஆவியார் புறாவைப்போல் இறங்குகிறார், வானிலிருந்து தந்தையின் குரல் கேட்கிறது. ஒரே நேரத்தில் மூவரும்! "இவர் அவர் இல்லை; ஆனால் மூவரும் ஒரே கடவுள்" என்று சொன்னால் அவள் வயதுக்கு அது போதும். மீதி புரியவில்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். புனித அகுஸ்தினார் இதைப் பற்றி 15 பாகங்கள் எழுதிவிட்டு, கடைசியில் ஜெபத்தில்தான் முடித்தார்.

அம்மாவோடு வாதம் வேண்டாம். பேத்தியின் சாமியைத் தன் வீட்டுச் சாமியோடு சேர்த்துக்கொள்ளும் பிரியம்தான் அது. மகள் மேலும் கேட்டால், பங்குத்தந்தையிடம் அவளையே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.