கேளுங்கள், சொல்கிறோம்: காசா படகுகள்

கேள்வி: காசாவுக்கு உணவு ஏற்றிப்போகும் படகுகளை இஸ்ரேல் படையினர் நடுக்கடலிலேயே மடக்குகிறார்களே, அதற்குச் சட்டம் உண்டா? தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முறையாக அறிவித்த கடல் முற்றுகையை மீறும் கப்பலைப் பொதுக்கடலிலும் நிறுத்தலாம் என்கிறது கடற்போர்ச் சட்டத்தைத் தொகுத்துச் சொல்லும் 1994 சான் ரெமோ கையேடு. மக்களைப் பட்டினி போடுவதே நோக்கமென்றால் முற்றுகையே கூடாது, உணவு போதாவிட்டால் சோதித்துவிட்டு உள்ளே விடவேண்டும் என்பதும் அதே கையேடுதான். இந்தப் பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், கொடுமை!

2008 ஆகஸ்டில் இரண்டு படகுகள் காசாவில் கரை சேர்ந்தன. 2025 ஜூனில் 12 பேரோடு போன மட்லீன் படகில் இருந்தது கொஞ்சம் அரிசி, மாவு, குழந்தைப் பால்மாவு. அதையும் மறித்து இஸ்ரேலின் அஷ்டோட் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

படையினர் நெருங்கினால் படகில் இருப்பவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு, கைகள் வெளியே தெரிய, அசையாமல் உட்காரவேண்டும். 2010 மே 31 அன்று காசாவுக்குப் போன மாவி மர்மரா கப்பலில் இஸ்ரேல் படையினர் ஏறியபோது 9 பேர் கொல்லப்பட்டார்கள். காயமடைந்த பத்தாமவர் 2014-இல் இறந்தார்.