காஸ்டிக் சோடா ஆலையில் பாதரசம் எதற்கு?

கேள்வி: காஸ்டிக் சோடா சாதாரண உப்பிலிருந்தே கிடைக்கிறது என்கிறார்கள். அப்படியிருக்க, அந்த ஆலைகளைப் பற்றிய பேச்சில் பாதரச மாசு தவறாமல் இடம்பெறுவது ஏன்? இப்போதைய சவ்வு முறை உண்மையிலேயே தூய்மையானதா?

பதில்: உப்பில் பாதரசம் கிடையாது, பொருள்களைப் பிரித்து வைக்கும் வேலைக்காகவே அது ஆலைக்குள் வந்தது. உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் நேர்மின்வாயில் குளோரினும், எதிர்மின்வாய்ப் பக்கம் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் உண்டாகின்றன. ஒரு டன் குளோரினுடன் ஏறத்தாழ 1.1 டன் காஸ்டிக் சோடா உடன்பிறப்பாக வந்தே தீரும். குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் கலக்கவிட்டால் வெளுப்புக் கரைசலாகிவிடும். குளோரினும் ஹைட்ரஜனும் கலந்தாலோ வெடிக்கும். எனவே நடுவே எதை நிறுத்துவது என்பதில்தான் இத்தொழிலின் சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது. இத்தொழிலுக்குப் பெரும் கெட்டபெயர் வாங்கித் தந்ததும் அப்படி நடுவில் நின்ற பொருள்தான்.

1892-இல் காஸ்ட்னரும் கெல்னரும் தனித்தனியே கண்ட முறையில் அந்த வேலையைப் பாதரசம் செய்தது. சற்றே சரிவாக அமைந்த நீண்ட எஃகுத் தொட்டியின் அடியில் பாதரசம் மெல்லிய படலமாக ஓடும். அதன்மேல் உப்புக்கரைசல் ஓடும். விடுபடும் சோடியம் பாதரசத்தில் கரைந்து, இரசக்கலவையாக அடுத்த கலனுக்குச் சென்று, அங்கே நீருடன் வினைபுரிந்து காஸ்டிக் சோடாவாக மாறும். பாதரசம் மீண்டும் தொட்டிக்குத் திரும்பும். கணக்கில் அது முழுவதும் திரும்ப வேண்டும். நடப்பில் ஹைட்ரஜனுடன் ஆவியாகவும், கழிவுநீரிலும் சேற்றிலும் கலந்தும், தரை விரிசல்களில் இறங்கியும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். கனடாவின் டிரைடன் நகர ஆலையொன்று 1960-களில் வாபிகூன் ஆற்றில் விட்ட பாதரசம், நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நச்சு வடிவமாக மாறி மீன்களில் சேர்ந்து, அம்மீன்களை உண்டு வாழ்ந்த கிராஸி நாரோஸ் பழங்குடி மக்களைத் தலைமுறைகளாகப் பாதித்திருக்கிறது.

ஜப்பானின் மினமாட்டா ஊரில் பாதரச நச்சால் நேர்ந்த பேரிடரையும் இத்தொழிலின் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. அது தவறு, அங்கே பாதரசம் வந்தது அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளின் தயாரிப்பில் பயன்பட்ட வினையூக்கியிலிருந்து. ஆனால் அவ்வூரின் பெயரைத் தாங்கி 2013-இல் ஏற்கப்பட்ட உலக உடன்படிக்கைதான் பாதரசக் கலன்களை நிறுத்த 2025-ஐக் கெடுவாக வைத்தது.

நடுவே நுண்துளைத் திரையொன்றை நிறுத்தும் இடைத்திரை முறை இன்னொன்று. அதில் பாதரசம் இல்லை, திரையில் உடலுக்குத் தீங்கான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. அம்முறையில் நீர்த்த, உப்புக் கலந்த காஸ்டிக் சோடாவே கிடைப்பதால், அதைக் காய்ச்சிச் செறிவாக்க நீராவி நிறையச் செலவாகும்.

சவ்வு முறையில் நடுவே நிற்பது ஃப்ளூரின் கலந்த பலபடித் (பாலிமர்) தாள். அது சோடியம் அயனியைக் கடந்துபோக விட்டு, குளோரைடைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் ஏறத்தாழ 32 விழுக்காட்டுச் செறிவில், உப்பு மிகக் குறைந்த காஸ்டிக் சோடா நேரடியாகக் கிடைக்கும். ஆனால் கரைசலில் கால்சியமோ மெக்னீசியமோ துளியளவு தங்கினாலும் சவ்வு அடைத்துக்கொள்ளும். ஆகவே கரைசலைச் சுத்திகரிப்பதே தனியொரு ஆலைக்குரிய வேலையாகிவிடுகிறது.

மூன்றில் இதுவே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. தூய்மையானது என்று மட்டும் சொல்லத் தயங்குகிறேன். ஒரு டன் குளோரினுக்கு இன்னமும் 2,500 யூனிட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். அது நிலக்கரியிலிருந்து வந்தால் புகை வேறொரு ஊரில் எழுகிறது, அவ்வளவுதான். அந்தச் சவ்வும், இயற்கையில் எளிதில் சிதையாதவை என்று இப்போது பல நாடுகள் கட்டுப்படுத்த முனையும் ஃப்ளூரின் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்ததே.