ஷேர் ஆட்டோவில் கிடந்த போன்

அன்புள்ள அக்காவுக்கு,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. சட்டம் முடித்து பார் கவுன்சிலில் வக்கீலாக என்ரோல் ஆகி ஒரு வருடம் ஆகிறது. தம்பு செட்டித் தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். பகலெல்லாம் கட்டு தூக்குவது, வாய்தா வாங்குவது, சாயங்காலம் டைப்பிங். இதற்கு நடுவில்தான் அகில இந்திய பார் தேர்வுக்குப் படிக்கிறேன். போன முறை 38 மார்க்கில் கோட்டை விட்டேன். கிரிமினலில்தான் அதிகம் போனது. கல்லூரியில் படித்தது ஐ.பி.சி., அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டம்; இப்போது அதன் இடத்தில் பி.என்.எஸ்., பாரதிய நியாய சன்ஹிதா. இரண்டு நம்பரும் மண்டைக்குள் முட்டிக்கொள்கின்றன. பழசு, புதுசு என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒட்டியதோடு சரி.

இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எதிர்வீட்டு அத்தையின் மகன் ஷேர் ஆட்டோவில் கிடந்த ஒரு போனை எடுத்து வைத்துக்கொண்டான். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, திருட்டு கேஸ் என்கிறார்களாம். "இது திருட்டாப்பா, நீதான் வக்கீலாச்சே" என்று அத்தை கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்லத் தெரியவில்லை. சீனியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அடிப்படையை எங்கிருந்து பிடிப்பது அக்கா?

தே.,
வியாசர்பாடி

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தத் தேர்வை நான் எழுதியதில்லை. 2009–10 கல்வியாண்டு முதல் சட்டம் முடித்தவர்களுக்குத்தான் இது கட்டாயம். நான் அதற்குப் பல வருடம் முன்பே கறுப்பு கோட்டு மாட்டியவள். கரையில் நின்று நீச்சல் சொல்லித் தருகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஜார்ஜ் டவுன் கோர்ட்டுத் தண்ணீரைப் போதுமான அளவு குடித்திருக்கிறேன்.

சுவரில் இருக்கும் அட்டவணையைக் கிழித்துவிடுங்கள். குறிப்பு எழுதாத பேர் ஆக்ட்டை, அதாவது சட்டம் மட்டும் அச்சான புத்தகத்தை, தேர்வு அறைக்குள் கொண்டுபோகலாம். நூறு கேள்வி, தப்புக்கு மார்க் குறைப்பதில்லை. அதில் குற்றச் சட்டத்துக்கு 8, குற்ற நடைமுறைச் சட்டத்துக்கு 10, சாட்சியச் சட்டத்துக்கு 8, ஆக 26. தேறுவதற்குப் பொதுப் பிரிவில் 45, பட்டியல் இனத்தவருக்கு 40. நம்பரைப் புத்தகம் சொல்லிவிடும். எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பதை மட்டும் அது சொல்லாது.

நம்பரை நம்பினால் என்ன ஆகும் தெரியுமா? முன்னூற்றிரண்டு என்றால் கொலை என்று நம் பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைக்கு பி.என்.எஸ். 302-ஐப் புரட்டினால், மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு என்று இருக்கும். கொலைக்குத் தண்டனை 103-க்குப் போய்விட்டது. பழைய 304 கொலையாகாத மரணத்துக்குத் தண்டனை சொன்னது. புதிய 304 செயின் பறிப்பு. பாவம், 420-தான் அநாதையாகிவிட்டது. மோசடிக்காரனை இனி 'முன்னூற்றுப் பதினெட்டு உட்பிரிவு நாலு' என்றா திட்டுவது?

பழசை மறந்துவிடவும் முடியாது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு ஐ.பி.சி.தான். செய்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் ஒருவரைத் தண்டிக்கலாம் என்று அரசியலமைப்பின் 20(1) சொல்கிறது. நீங்கள் தூக்கும் கட்டுகளில் பாதி இன்னும் 1860-ஆம் ஆண்டுச் சட்டமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் அதேதான். 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின, சில புதிதாக வந்தன, சில போயின. திருட்டு என்றால் என்ன என்பது மாறவில்லை.

அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். ஆபீஸ் இருக்கும் தெருவிலேயே காளிகாம்பாள் கோயில் இருக்கிறதே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன் வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். செருப்புக் குவியலைப் பாருங்கள். ஒருவர் அவசரத்தில் வேறொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார். இன்னொருவர் தன் செருப்பு தேய்ந்துவிட்டதால் பக்கத்தில் கிடந்த புதுசில் காலை நுழைக்கிறார். பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்துக்கு முதலாமவர் குற்றவாளி இல்லை, இரண்டாமவர் திருடர். நேர்மையற்ற எண்ணம் என்ற ஒரே ஒரு துண்டுதான் வித்தியாசம்.

திருட்டு என்றால் என்ன என்று சொல்லும் பி.என்.எஸ். 303(1)-ஐத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். அசையும் பொருள். அது இன்னொருவர் வசம் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இருக்கக் கூடாது. நேர்மையற்ற எண்ணம். எடுப்பதற்காகப் பொருளை நகர்த்துவது. ஐந்தில் ஒன்று இல்லையென்றாலும் திருட்டு இல்லை. வேறு ஏதாவதாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். சரி, மூன்றாவதாக ஒருவர். புதுச் செருப்பைக் காலாலேயே தள்ளிப் பூக்கடைப் பலகைக்கு அடியில் ஒதுக்கி வைக்கிறார், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று. இன்னும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லையே என்பீர்கள். நகர்த்தியாயிற்று, திருட்டு முடிந்துவிட்டது. அதே செருப்பை, 'கழற்றுடா, இல்லைன்னா இங்கேயே அடிப்பேன்' என்று முகத்துக்கு நேரே மிரட்டி வாங்கினால் அது ராபரி, அதாவது கொள்ளை, 309. ஐந்து பேர் சேர்ந்து மிரட்டினால் கூட்டுக்கொள்ளை, 310. ஒரு ஜோடி செருப்பை வைத்தே அந்த அத்தியாயத்தில் பாதியைப் படித்துவிடலாம்.

'வசம்' என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். சட்டம் சொந்தக்காரர் யார் என்று கேட்கவில்லை, யார் வசம் இருந்தது என்று கேட்கிறது. அடகு வைத்த தன் பொருளையே, கடனை அடைக்காமல், கடைக்காரருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்தால் அது திருட்டு. நானாகச் சொல்லவில்லை, பிரிவுக்குக் கீழே கொடுத்திருக்கும் உதாரணத்திலேயே இருக்கிறது. அந்த உதாரணங்களைத் தாண்டிப் போய்விடுகிறோம், அவைதான் சட்டத்தில் இருக்கும் வாத்தியார். 'திருப்பிக் கொடுத்துவிட்டேனே' என்பதும் எப்போதும் காப்பாற்றாது. ராஜஸ்தானில் ஓர் அரசு ஊழியர் அலுவலக ஃபைலை வீட்டுக்குக் கொண்டுபோனார், வெளியாள் ஒருவர் அதில் காகிதங்களை மாற்றினார், மறுநாள் ஃபைல் இடத்துக்கு வந்துவிட்டது. 1963-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருட்டு என்றது. தற்காலிகமாக இல்லாமல் செய்தாலும் இழப்பு இழப்புதான்.

மனம் எவ்வளவு பெரிய துண்டு என்று தெரிய வேண்டுமானால் கொலைக்கு வாருங்கள். கல்பபிள் ஹோமிசைடுக்கும் (குற்றமாகும் விதத்தில் மரணம் விளைவிப்பது) கொலைக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது 100-ஐயும் 101-ஐயும், நோட்ஸ் வாசித்துப் புரிந்துகொண்டவர்களை நான் பார்த்ததில்லை. கதையாகப் படியுங்கள். இரண்டு கதையும் நீங்கள் தினமும் கடக்கிற அந்தச் சிவப்புக் கட்டடத்தில், நம் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பானவை.

1912. இன்ஷூரன்ஸ் பணத்துக்காக ஒருவரைக் கொல்ல நினைத்தவன் அல்வாவில் விஷம் வைத்துக் கொடுத்தான். அவர் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிட்டார், பிழைத்துக்கொண்டார். அங்கிருந்த சிறுமி மீதியை எடுத்துத் தின்று இறந்துபோனாள். அந்தக் குழந்தையைக் கொல்ல அவன் நினைக்கவே இல்லை. நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. கடைசியில் கொலைதான் என்று முடிந்தது. ஒருவருக்கு வைத்த குறி இன்னொருவர் மேல் விழுந்தாலும் எண்ணம் கூடவே போகும். இன்று அது பி.என்.எஸ். 102.

1919. ஒருவர் ஏர்க்கொழுவால் மனைவியின் தலையில் அடித்தார். மனைவி விழுந்தார். செத்துவிட்டார் என்று நினைத்து, தற்கொலை போலக் காட்ட உத்தரத்தில் தூக்கு மாட்டினார். அடியில் உயிர் போகவில்லை, தூக்கில்தான் போனது. கொலையும் இல்லை, கல்பபிள் ஹோமிசைடும் இல்லை என்றது உயர் நீதிமன்றம். அடித்ததற்கும், பொய்த் தடயம் உண்டாக்கியதற்கும் தண்டிக்கலாம், கொன்றதற்கு முடியாது. ஏனென்றால் தூக்கு மாட்டிய கைக்குத் தெரிந்தவரை அது பிணம். பிணத்தைக் கொல்ல யாரும் நினைக்க முடியாது. படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது, இன்றும் முழுக்க ஆறவில்லை. ஆனால் செயலையும் எண்ணத்தையும் எந்த நொடியில் கோக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. கோபத்தோடு படித்தது மறக்காது, பாருங்கள்.

அடுத்தது நம் பேட்டைக்கே உரிய பாடம். 'கூட நின்னான்.'

பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு கேஸ். கேரம் கிளப் வாசலில் இரண்டு கோஷ்டிக்குள் அடிதடி, ஒருவருக்கு வெட்டுக்காயம். ஏழு பேர் மேல் கேஸ். என் கட்சிக்காரர் ஏ-7, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏழாமவர் (கோர்ட்டு மொழியில் ஏழாம் எதிரி), இருபது வயது. உள்ளே ஆடிக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்திருக்கிறார். அவ்வளவுதான். ஐ.பி.சி. 147, 148 (கலகம்), 324 (ஆயுதத்தால் காயம்), கூடவே 149 (கூட்டத்தில் இருந்ததற்கான பொறுப்பு). குறுக்கு விசாரணையில் சாட்சியைக் கேட்டேன், ஏழாம் எதிரி என்ன செய்தார்? "வந்தாருங்க." வந்து? "நின்னாருங்க." கையில் என்ன இருந்தது? "வெள்ளையா மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க." கேரம் பவுடர். கோர்ட்டே சிரித்தது. விடுதலையானார். ஆனால் அதற்குள் நாலு வருடம் ஓடிவிட்டது. கப்பல் வேலைக்கு அவர் போட்ட பாஸ்போர்ட் விண்ணப்பம் அந்த நாலு வருடமும் நகரவில்லை. அவர் அன்று சிரிக்கவில்லை.

இதைத் தேர்வுக் கேள்வியாக மாற்றுங்கள். பழைய 34, இன்றைய 3(5), கேட்பது பொது எண்ணம். பழைய 149, இன்றைய 190, கேட்பது ஐந்து பேருக்குக் குறையாத சட்டவிரோதக் கூட்டமும் அதன் பொது நோக்கமும். முன்னதில் மனங்கள் முன்கூட்டிக் கலந்திருக்க வேண்டும். ஒரே எண்ணம் தனித்தனியாக இரண்டு பேருக்கு இருந்தால் போதாது. பின்னதில் கூட்டத்தில் உறுப்பினர் என்று காட்டினாலே போதும், கை ஓங்கியிருக்க வேண்டியதில்லை. ஆனால் உறுப்பினர் வேறு, வேடிக்கை பார்த்தவர் வேறு. ஆர்வத்தில் வந்து நின்றவர் எல்லாம் உறுப்பினர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் மசால்தி வழக்கில் 1964-லேயே சொல்லிவிட்டது. அதற்காக 'சும்மா நின்றேன்' என்பது எல்லோரையும் காப்பாற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். கல்கத்தா போஸ்ட் ஆபீஸ் கொலையில், நான் முற்றத்தில்தான் நின்றேன், சுடவில்லை என்றவரை, வெள்ளைக்காரர் காலத்தின் கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில் விடவில்லை. நிற்பதே சிலருக்கு ஒதுக்கப்பட்ட வேலை. எதற்காக நின்றார் என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் நமக்கு ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. ரிமாண்ட், ஜாமீன், ஒன் நாட் செவன் (அமைதியைக் குலைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கும் பழைய பிரிவு) எல்லாம் நமக்குப் பாடப்புத்தகத்தில் வந்த சொற்கள் இல்லை, கேட்டு வளர்ந்தவை. ஆபத்து, தெருவில் கேட்டதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்வது. 'போலீஸ்ல ஒத்துக்கிட்டான், முடிஞ்சுபோச்சு' என்பார்கள். முடியவில்லை. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 23. அவர் சொன்னதால் ஒரு பொருளோ இடமோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் துண்டு மட்டும் உள்ளே வரும். இதிலிருந்து ஒரு கேள்வியாவது வந்துவிடும் என்று என்னிடம் இருந்த ஜூனியர்கள் சொல்வார்கள்.

ஆகவே தினமும் ஒரு குற்றம். ஒரு தாளில் தமிழில் துண்டுகளை எழுதுங்கள். ஒரு துண்டை விரலால் மறைத்துவிட்டு, இப்போது என்ன குற்றம் என்று கேளுங்கள். வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும். பொது விதிவிலக்குகள், 14 முதல் 44 வரை, தனியாக ஒரு வாரம் கேட்கும், அதை அவசரப்படுத்தாதீர்கள்.

இனி அத்தையின் கேள்வி. தாளை எடுங்கள். அசையும் பொருள், சரி. சம்மதம் இல்லை, சரி. நகர்த்தினான், சரி. அந்த நேரத்தில் போன் யார் வசம் இருந்தது? சொந்தக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, போன் சீட்டு இடுக்கில் நழுவியிருந்தால் அது இன்னும் அவர் வசம்தான். அதை எடுத்தால் திருட்டு. அவர் இறங்கிப் போய், எங்கே விட்டோம் என்றே தெரியாமல் இருந்தால்? டிரைவர் வசம் என்று ஒரு வாதம் வரலாம், யோசித்துப் பாருங்கள். யார் வசமும் இல்லையென்றால் திருட்டு விழுந்துவிடும். அப்போது 314, கையாடல். கண்டெடுப்பது மட்டும் குற்றமில்லை. திருப்பித் தரும் எண்ணத்தோடு எடுத்து வைப்பதும் குற்றமில்லை. சொந்தக்காரர் யார் என்று தெரிந்தபின், அல்லது தெரிந்துகொள்ள நியாயமான முயற்சி செய்யாமல், தனதாக்கிக்கொள்வதுதான் குற்றம். அந்தப் போன் அடித்துக்கொண்டே இருந்ததா? அவன் எடுத்துப் பேசினானா, சிம்மைக் கழற்றிப் போட்டானா? விடை அந்தச் சிம்மில் இருக்கிறது.

இரண்டில் எதுவாக இருந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். சாதாரணமாகத் திருட்டுக்கு வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், ஜாமீன் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். 314-க்கு மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது, ஜாமீன் உரிமை. பையன் இன்று ராத்திரி எங்கே தூங்குவான் என்பது 'வசம்' என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. ஸ்டேஷனில் சொன்னது தப்பு என்றும் இப்போதே முடிவு கட்ட வேண்டாம். அந்த ஆட்டோவில் நீங்களும் இல்லை, நானும் இல்லை.

போன் யார் வசம் இருந்தது, எடுத்தபின் அவன் என்ன செய்தான் என்ற இரண்டையும் அத்தையிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, இன்றைக்கே உங்கள் சீனியர் மேஜையில் வையுங்கள். அத்தைக்குப் பதிலை அவர் சொல்லட்டும். உங்கள் விடையை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா